முனியாண்டி ஓடையில் கொசு இல்லை

தோட்டத்து டிரஸ்ஸருக்கு எப்போதும் இரண்டு எஜமானர்கள்: ஒன்று காய்ச்சல், இன்னொன்று உத்தரவு. காய்ச்சலாவது மருந்துக்குக் கொஞ்சம் கட்டுப்படும். மேலேயிருந்து வந்த உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரே நிற்கிற ஆளின் முகத்தைப் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் வாருங்கள், உட்காருங்கள். நீங்களும் நம்ம கட்சிதான்.

ஜப்பான்காரன் காலத்தில் நான் மலாயாவில், சிரம்பானுக்கு அப்பால், மேடும் பள்ளமுமான ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸர், அதாவது கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற அரை டாக்டர். ஆஸ்பத்திரி என்று பெயர்தான். உள்ளே சில கட்டில்கள், ஓர் அலமாரி. காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் அலமாரியில் மருந்தைவிடப் பல்லி அதிகம். மலேரியாக் காய்ச்சலோடு வருகிறவனுக்கு நான் கொடுக்க முடிந்ததெல்லாம் வேப்பிலைக் கஷாயமும் ஆறுதலும். இரண்டில் கஷாயம் பரவாயில்லை.

கடலோரத்துப் பாடம்

சண்டைக்கு முன்னால் எங்கள் தோட்டங்களைச் சுற்றிவந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் இருந்தார். முழங்கால் வரை ஓடையில் இறங்கி, அகப்பையால் தண்ணீரை அள்ளி, அதில் கொசுப்புழு இருக்கிறதா என்று மணிக்கணக்கில் பார்ப்பார். பக்கத்தில் குடைபிடிப்பது என் வேலை. அவர் ஓயாமல் சொல்வது ஒன்றுதான். "கடலோரத்துக் காய்ச்சல் கொசு நிழலில் முட்டை போடும், அங்கே காட்டை வெட்டினால் காய்ச்சல் குறையும். மலைப்பக்கத்துக் கொசு வேறு ரகம். அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடை வேண்டும். இங்கே காட்டை வெட்டினால் நீயே கூப்பிட்டு விருந்து வைத்த மாதிரி." எனக்கு அப்போது குடை பிடித்த கை வலிதான் பெரிதாகத் தெரிந்தது.

சண்டை வந்தது, டாக்டர் போய்விட்டார், அவருடைய காகிதங்களும் கூடவே போய்விட்டன. தோட்டத்துக்கு ஒரு ஜப்பான் அதிகாரி வந்தார். கடலோரத் தோட்டம் ஒன்றில் இருந்துவிட்டு வந்தவர். வந்த சூட்டில் உத்தரவு போட்டார்: ஓடைக்கரைப் புதரையெல்லாம் வெட்டு, வெட்டிய இடத்தில் மரவள்ளி நடு. கொசுவும் போகும், கிழங்கும் கிடைக்கும். கேட்டால் நல்ல உத்தரவுதான், கடலோரத்தில் அது பலித்தும் இருக்கிறது. அதுதான் வம்பே. நான் குனிந்து கும்பிட்டு, மலைக்கொசு வேறு ரகம் என்று துபாசி மூலம் சொல்லிப் பார்த்தேன். ருசு எங்கே என்று கேட்டார். என்னிடம் என்ன இருக்கிறது, ஓட்டைக் குடை ஒன்றுதான் இருக்கிறது. துபாசி அவருடைய பதிலை எனக்குத் தமிழில் சொன்னார்:

"நீ மருந்து குடு. காட்ட நான் பாத்துக்கிறேன்."

முதல் வெட்டு

எங்கள் தோட்டத்தில் இரண்டு ஓடைகள். பாலத்தடி ஓடை கீழ் லயத்துக்குப் பின்னால் ஓடுகிறது. முனியாண்டி ஓடை மேல் லயத்துக்குப் பின்னால். லயம் என்றால் உங்களுக்குத் தெரியும், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள் இருக்கிற வீடுகள். கீழ் ஓடையை வெட்டித் தள்ளச் சில நாள்தான் பிடித்தது. சூரியன் தண்ணீர்மேல் பளபளவென்று விழுந்தது. அதிகாரி பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

மேல் ஓடைக்கு வந்ததும் ஆட்கள் பாராங் கத்தியைத் தரையில் வைத்துவிட்டார்கள். அங்கேதான் முனியாண்டி சாமி இருக்கிறார். கல்லும் சூலமும், சுற்றி ஒரே புதர்ப் பற்றையும். சாமி இருக்கிற பற்றையில் ஓர் இலை கிள்ளினாலும் கை கோணிப்போகும் என்பது தோட்டத்துச் சட்டம். அதை யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. அதிகாரி கத்தினார், துபாசியும் அதே சுருதியில் கத்தினார். ஆட்களை மேய்க்கிற மண்டோர் சின்னையா முன்னால் வந்தார். கறுத்து ஒல்லியான மனிதர். ஆள்காட்டி வேலையும் தெரியாது, அடங்கிப்போகவும் தெரியாது. கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. சின்னையா கன்னத்தைத் தடவவில்லை. கீழே குனிந்து தன் கத்தியை எடுத்துத் துடைத்து, பிடியை அதிகாரி பக்கமாகத் திருப்பி நீட்டி, துபாசியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

அதிகாரி கத்தியைப் பார்த்தார், சூலத்தைப் பார்த்தார், இருட்டிக் கிடந்த பற்றையைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். "அப்புறம் பார்க்கலாம்" என்பது ஜப்பான் பாஷையிலும் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, அவரிடம் அப்படி என்னய்யா சொன்னாய் என்று சின்னையாவைக் கேட்டேன்.

"ஒண்ணும் பெரிசா சொல்லல டிரஸ்ஸரே. மொத வெட்டு தொர வெட்டட்டும், மிச்சத்த நாங்க வெட்டுறோம்னேன்."

வயிற்றைத் தொட்டால் சிரிப்பு

மழைக்காலம் கழிந்தது. கீழ் லயத்திலிருந்து நடுக்கத்தோடு வருகிறவர்கள் அதிகமானார்கள். மேல் லயத்திலிருந்து எப்போதாவது ஒருத்தர் வருவார், அதுவும் கால் புண்ணுக்கு. சந்தேகம் வந்தது. மைக்கிராஸ்கோப்பைத்தான் சண்டையின் முதல் வாரத்திலேயே யாரோ கொண்டுபோய்விட்டார்களே, ரத்தம் பார்க்க வழியில்லை. ஆனால் டாக்டர் ஒரு வழி காட்டியிருந்தார். காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்த பிள்ளைக்கு இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கையில் கட்டியாகத் தட்டுப்படும். பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலே அந்த லயத்தின் சங்கதி தெரிந்துவிடும்.

ஆயாக்கொட்டகைக்குப் போனேன். தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. வரிசையாகப் படுக்கவைத்து அமுக்கினால், மேல் லயத்துப் பிள்ளைகள் கூச்சம் தாங்காமல் கெக்கெக்கென்று சிரிக்கின்றன. என்னை உதைக்கின்றன. கீழ் லயத்துப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அமுக்கினால் முகம் சுளித்தன, விரலில் கட்டி தட்டுப்பட்டது. ஒரே தோட்டம், ஒரே மரவள்ளி, ஒரே மழை. ஓடை மட்டும்தான் வேறு. வெட்டிய ஓடைக்குப் பக்கத்தில் காய்ச்சல், வெட்டாத ஓடைக்குப் பக்கத்தில் சிரிப்பு. டாக்டர் வருஷக்கணக்கில் செலவு செய்து காட்ட நினைத்ததை முனியாண்டி காசில்லாமல் காட்டிவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, வாசலில் நின்ற ஒரு தாய் கேட்டாள்:

"என்னா டிரஸ்ஸர் ஐயா, அப்பிடி அமுக்கிப் பாக்குறீங்க? உள்ள மரவள்ளியத் தவர ஒண்ணும் இல்லலா!"

அஞ்சலையின் கதவு

கீழ் லயத்தில், ஓடைக்கு மிகப் பக்கத்து வீடு அஞ்சலையுடையது. ரப்பர்ப் பால்வெட்டுக்காரி. இதற்கு முன் வேறு தோட்டத்தில் இருந்தபோது இரண்டு முறை வயிற்றில் பிள்ளை தங்கி, இரண்டு முறையும் காய்ச்சல் வந்து கலைந்துவிட்டது. இப்போது மூன்றாவது. புருஷன் முத்தனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்கு லோரியில் ஏற்றிக்கொண்டு போனபோது பிள்ளை தங்கியது அவளுக்கே இன்னும் தெரியாது. அவன் போன பிறகுதான் தெரிந்தது. அவனுக்குச் சொல்ல ஆளும் இல்லை, வழியும் இல்லை.

எனக்கு ஓர் எளிய யோசனை தோன்றியது. மேல் லயத்தில் சின்னையாவின் தங்கச்சி வீட்டில் இடம் இருந்தது. பிள்ளை பிறக்கிறவரை அங்கே போய் இரும்மா, அங்கே கொசு இல்லை என்றேன். சின்னையாவும் வந்து சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே அரிவாள்மணையில் கிழங்கு நறுக்கினாள். கோபம் வந்து கத்தினேன். "உனக்கு இந்தப் புள்ள வேணுமா வேணாமா?" என்று கூடக் கேட்டுவிட்டேன். கிழங்கை ஒதுக்கிவைத்துவிட்டு அவள் ஒரு பதில் சொன்னாள். இவளை மேலே கொண்டுபோக முடியாது, ஆகவே கீழ் ஓடையைத்தான் சரிசெய்ய வேண்டும் என்று ஆகிவிட்டது.

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க ஐயா. திரும்பி வந்தா இந்தக் கதவத்தான் தட்டுவாரு. நான் இங்கதான் இருப்பேன்."

வெள்ளைக் கிண்ணம்

ஆட்கள் காய்ச்சலில் படுத்ததால் மரவள்ளி வேலை படுத்தது. மேலிடத்துக்கு அது உறைத்திருக்கும். சிரம்பானிலிருந்து ஒரு ஜப்பான் பட்டாள டாக்டரை அனுப்பினார்கள். அதிகாரி மாதிரி இல்லை, அமைதியான ஆள். துபாசி அன்றைக்கு ரஹாங் ஊரில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். டாக்டருக்குத் தெரிந்த மலாய் கொஞ்சம், எனக்குத் தெரிந்தது அதைவிடக் கொஞ்சம். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பாஷையைப் படுத்தாத பாடு படுத்தினோம்.

பிள்ளைகளின் வயிற்றைக் காட்டினேன். அவரே தொட்டுப் பார்த்தார். என்னைவிட மென்மையான கை. பிறகு சோறு சாப்பிடும் வெள்ளைக் கிண்ணம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பூட்ஸைக் கழற்றிக் கீழ் ஓடையில் இறங்கினார். அள்ளினார். காய்ச்சல் கொசுவின் புழு தண்ணீர்மேல் படுத்தபடி மிதக்கும். வீட்டுத் தொட்டியில் இருக்கிற சாதாக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். கிண்ணத்தில் படுத்தவை நிறைய இருந்தன. அங்கிருந்து முனியாண்டி ஓடை. சூலத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கினார். அள்ளினார், கொட்டினார், இடம் மாற்றி அள்ளினார். கிண்ணத்தில் ஓர் இலைச் சருகைத் தவிர வேறொன்றும் இல்லை. ருசு கேட்ட ஆட்சிக்கு ருசுவை அவர்களுடைய ஆளே அள்ளட்டும் என்று குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதே ஓட்டைக் குடைதான்.

மனுஷன் நிமிர்ந்து, முதலில் தன் காலடி ஓடையையும் பிறகு கீழ்ப்பக்கத்தையும் காட்டிச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். இங்கே இல்லை, அங்கே இருக்கிறது என்பதை மலாயில் சொன்னார்:

"சினி தடா! சானா அடா!"

பலகைக்குக் கற்பூரம்

தெரிந்தால் மட்டும் போதுமா? உத்தரவு உத்தரவுதானே. காட்டை வெட்டச் சொன்னது மேலிடம்; அதை ரத்துசெய்யப் பட்டாள டாக்டருக்கு அதிகாரம் இல்லை. அவர் என் அலமாரிப் பலகை ஒன்றைக் கேட்டார். கறுப்பு மையால் ஜப்பான் எழுத்தில் மேலிருந்து கீழாக எழுதி, முனியாண்டி ஓடைப் பற்றையின் முன்னால் நட்டார். பட்டாளத்து ஆராய்ச்சி இடம், ஒரு கிளையும் வெட்டக்கூடாது என்று அதற்கு அர்த்தமாம். வெட்டு என்கிற உத்தரவு ஒன்று, ஆராய்ச்சியைத் தொடாதே என்கிற உத்தரவு ஒன்று. அதிகாரி வந்து படித்தார், பலகைக்கு விறைப்பாகக் குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் கத்தி வரவே இல்லை.

அதிகாரி குனிந்து வணங்கியதை எங்கள் ஜனம் பார்த்துவிட்டது. அவ்வளவுதான். துரையே கும்பிடுகிறாரென்றால் அது சும்மா பலகையா? முனியாண்டிக்கு ஜப்பான் மந்திரம் எழுதியிருக்கிறார்கள் என்று பேச்சுப் பரவியது. வெள்ளிக்கிழமை போனால் பலகைக்குக் குங்குமப் பொட்டு, செம்பருத்தி மாலை, காலடியில் கற்பூரம் எரிந்த கரி. அடுத்த முறை வந்த டாக்டர் தன் ஆராய்ச்சிக்குப் பொட்டு வைத்திருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார். நான் சின்னையாவைத் தனியாகக் கூப்பிட்டு, இது சாமி இல்லையய்யா, நிழல் இருக்கிறதால் கொசு இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சரி டிரஸ்ஸரே, அந்த நெழல இத்தன நாளா வெட்ட விடாம காத்தது யாரு?"

சூசையின் கறுப்பு எண்ணெய்

மேல் ஓடை பிழைத்தது. கீழ் ஓடைதானே அஞ்சலையின் ஓடை! வெட்டிய புதர் உடனே முளைக்குமா? முன்பெல்லாம் ஓடையில் எண்ணெய் தெளிப்பார்கள், புழு மூச்சுமுட்டிச் சாகும். இப்போது விளக்குக்கே எண்ணெய் இல்லை. ஆனால் எங்கள் ரப்பர்க் கொட்டகையில், இயந்திரம் பழுதுபார்க்கிற பிட்டர் சூசை இருந்தார். மாதா படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாயில் மட்டும் சாத்தானைக் கூப்பிடுகிறவர். கப்பல் இல்லாததால் விற்க முடியாமல் கிடந்த ரப்பரைப் பீப்பாயில் அடைத்து, காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து லோரி ஓடுகிற எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். அது பட்டாளத்துச் சரக்கு. ஒரு போத்தல் காணாமல் போனாலும் தலை போகும். பட்டாள டாக்டரிடம் சொன்னேன். அவர் அதிகாரியிடம் "சோதனைக்கு" என்று ஒரே வார்த்தை சொல்லி அனுமதி வாங்கிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் "வேணும்" என்று கேட்டால் அறை, "சோதனை" என்று கேட்டால் எண்ணெய். உங்கள் ஆபீசிலும் இப்படி ஒரு மந்திரச்சொல் இருக்குமே, இல்லையா?

பேசினில் ஓடைத்தண்ணீரும் புழுவும் விட்டு, முதலில் பீப்பாயின் அடிக்கசண்டை ஊற்றினோம். அடிபிடித்த வெல்லப்பாகு மாதிரி உருண்டு உருண்டு நின்றது. புழுக்கள் சந்து சந்தாகப் புகுந்து விளையாடின. சூசைக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்ததாக லோரி எண்ணெயை ஊற்றினார். அழகாகப் பரவியது. கொஞ்ச நேரத்தில் வெயிலில் ஆவியாகிப் போய்விட்டது. பிறகு இரண்டையும் கலந்து, காய்ச்சி, ஆற்றி, மறுபடி கலந்து, எத்தனை பேசின் பாழானது என்று கேட்காதீர்கள். ஒருநாள் காலையில் மெல்லிய கறுப்புப் படலம் ஒன்று தண்ணீர்மேல் விரிந்தது, சாயங்காலமும் அப்படியே இருந்தது. ஒரு புழு அசையவில்லை. சூசை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் ஒரே வெள்ளைச் சட்டை அன்றோடு சரி.

தெளிக்கக் கருவி இல்லை. எண்ணெயில் ஊறிய தேங்காய்நாரைச் சாக்கில் அடைத்து, கல்லைக் கட்டி ஓடையில் போட்டால், எண்ணெய் கசிந்து கசிந்து படரும் என்று கண்டுகொண்டோம். சாக்கு தைத்தது கீழ் லயத்துப் பெண்கள். மேடிட்ட வயிற்றோடு அஞ்சலையும் உட்கார்ந்து நார் திணித்தாள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. "நீ ஏம்மா இதில உக்காந்திருக்க, எந்திரி" என்று சூசை அதட்டினார்.

"இருக்கட்டும்ணே. எம்புள்ளைக்கி மொதத் தொட்டில் இந்தச் சாக்குதான்."

கொட்டகை எங்கும் சிரிப்பு

சாக்கு போட்டதும் மறுநாளே காய்ச்சல் ஓடிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பவும் கூடாது. மெல்ல மெல்லத்தான் குறைந்தது, ஆயாக்கொட்டகையில் கீழ் லயத்துப் பிள்ளைகளும் மெல்ல மெல்லத்தான் சிரிக்கத் தொடங்கின. நடுவில் வெள்ளம் வந்து சாக்குகளை அடித்துக்கொண்டு போனது, மறுபடி தைத்தோம். அஞ்சலைக்கும் ஒருதரம் குளிர் வந்தது. பட்டாள டாக்டர் தன் சொந்தப் பையிலிருந்து கொஞ்சம் கொயினா கொடுத்துவிட்டு, யாருக்கும் சொல்லாதே என்று உதட்டில் விரல் வைத்தார். அந்தச் சில நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு எங்கே, கிழங்கு இறங்கவில்லை. சின்னையா தினமும் பலகைக்கும் சாமிக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார். நான் தடுக்கவில்லை. நானும் ஒருநாள் போய் நின்றேன், எதைப் பார்த்துக் கும்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

காய்ச்சல் விட்டது. பிள்ளை தங்கியது. பால்வெட்டு முடிகிற காலை வேளையில் ஆண்பிள்ளை பிறந்தான். எலிக்குஞ்சு மாதிரி சின்னதாக இருந்தான், ஆனால் தொண்டை மட்டும் விடியலில் ஆள் கூட்டுகிற பெரட்டுக்களத்து மணி. மேல் லயம் வரை கேட்டது. நான் லயத்துக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சூசைதான் முதலில் ஓடிவந்தார். பிள்ளையைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு அறிவித்தார்:

"அண்ணே, ரப்பர் எண்ணெ வாசம் அடிக்கிதண்ணே!"

திரும்பி வந்தவர்கள்

சண்டை ஓய்ந்தது. ஜப்பான்காரர்கள் போனார்கள், வெள்ளைக்காரத் துரைமார்கள் வந்தார்கள். என் பழைய வெள்ளைக்கார டாக்டரும் வந்தார், இளைத்துப்போய். கம்பெனி துரை, ஜப்பான் எழுத்துப் பலகையைப் பிடுங்கி எறியச் சொன்னார். சின்னையா பழையபடி கத்தியைப் பிடி திருப்பி நீட்டிக்கொண்டு நின்றார். டாக்டர் நடுவில் புகுந்தார். என்னிடம் சங்கதியெல்லாம் கேட்டு, இரண்டு ஓடையிலும் அள்ளிப் பார்த்து, பிள்ளைகள் வயிற்றைத் தொட்டு, உதை வாங்கி, கடைசியில் துரையிடம் பேசினார். கம்பெனியின் மலைத்தோட்டங்கள் எல்லாவற்றிலும் ஓடைக்கரைப் பற்றையை வெட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. என் ஆயுசில் கூரையைப் பார்க்காமல் ஜனங்களிடம் படித்துக்காட்டிய முதல் உத்தரவு அதுதான்.

சயாமுக்குப் போனவர்களில் பலர் வரவில்லை. அதைப் பற்றிச் சிரித்துப் பேச எனக்கு வராது. வந்த சிலரும் ஒவ்வொருவராகத்தான் வந்தார்கள். ஒரு சாயங்காலம் நான் கீழ் லயத்தில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். எலும்பும் தோலுமாக ஓர் ஆள் பாலத்தைத் தாண்டி வந்தான். யாரையும் விசாரிக்கவில்லை. நேரே அஞ்சலை வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினான். அவள் திறந்தாள், இடுப்பில் பிள்ளை. முத்தன் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றான். லயமே வாசலுக்கு வந்து பார்த்தது. அவள் அழவில்லை. பிள்ளையை அவன் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"வாசல்லயே நின்னுக்கிட்டு இருக்காதீங்க. உள்ள வந்து கதவச் சாத்துங்க, கொசு வந்திரப் போவுது."

ஆராய்ச்சி இரண்டு டாக்டர்களுடையது, எண்ணெய் சூசையுடையது, உத்தரவு துரையுடையது, பேர் முழுக்க முனியாண்டியுடையது. குடை பிடித்த டிரஸ்ஸருக்கு வருஷம் தவறாமல் திருவிழாவில் ஒரு மூடித் தேங்காய்.